தூரமா என்று மட்டும் கேட்ட தெரு

பாளையங்கோட்டை வடக்கு வாய்க்கால் தெருவில் நண்பகலில் முதன்முதலாக இருட்டியபோது நாங்கள் செய்த முதல் காரியம் மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டதுதான். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கம்பி வழியாக வரும் வெளிச்சத்துக்குத்தான் தாங்கள் பொறுப்பு, வானத்தின் வழியாக வருவதற்கு இல்லை என்றார். அது நியாயமாகவே பட்டதால் போனை வைத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டோம். பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும்தான் இருட்டு. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் வைகாசி வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நட்சத்திரங்கள் முளைத்திருந்தன, அதுவும் நாங்கள் பார்த்துப் பழகாத வரிசையில். காக்கைகள் கொஞ்ச நேரம் கூடிப் பேசிவிட்டு, இன்றைக்கு அரை நாள்தான் போலிருக்கிறது என்று வேப்பமரத்தில் போய் அடைந்தன.

வானவியல் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். பூமி மொத்தமாகச் சுற்றுகிறது, அதில் ஒரு தெருவை மட்டும் பிரித்தெடுத்துத் திருப்பிவைக்க வழியில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. அவர்களில் ஒருவரும் வாய்க்கால் தெருவில் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்லுமுன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது, பாதி வழியில் செருப்பறும், பஸ் போய்விடும், பார்க்கப் போனவர் ஊரில் இருக்க மாட்டார். அதனால் ‘தூரமா?’ என்று கேட்பதுதான் முறை. ‘தூரந்தான்’ என்றோ ‘பக்கந்தான்’ என்றோ பதில் வரும், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குமேல் தெரிந்தாக வேண்டியவர்கள் கையிலிருக்கும் பையைப் பார்த்துத் தாங்களே முடிவுசெய்துகொள்வார்கள்: வயர் கூடை என்றால் மார்க்கெட், மஞ்சள் பை என்றால் கல்யாண வீடு, பிளாஸ்டிக் ஃபைல் என்றால் தாலுகா ஆபீஸ், பை இல்லாமல் கைவீசிப் போனால் சாவு விழுந்த துஷ்டி வீடு. தலைமுறைகளாக இந்த அகராதி எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. சங்கரவடிவின் பை வந்து சேர்ந்த நாள்வரை.

சங்கரவடிவுக்கு ஐம்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ளவர்களைத் துபாயோடும் மலேயாவோடும் லண்டனோடும் இணைத்துவிடுவதையே வேலையாகச் செய்தவள். அந்த வேலையே உலகத்தில் இல்லாமல் போனபிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, படுத்த படுக்கையான அம்மாவைப் பதினோரு வருஷம் பார்த்தவள். எதைக் கேட்டாலும் ‘லைன்ல இருங்க’ என்று சொல்லிவிட்டு யோசிப்பது அந்த வேலை அவளிடம் விட்டுப்போன பழக்கம். அம்மா மாசியில் இறந்தாள். சித்திரையில் அந்தப் பை வந்தது: செங்கல் நிறத்தில், ஏகப்பட்ட வார்களும் கொக்கிகளும் வலைப்பைகளுமாக, முதுகில் மாட்டினால் தலைக்கு மேலே எட்டிப் பார்க்கும் உயரத்தில். அகராதியில் அதற்கு இடமில்லை. அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன் மனைவி உலகம்மாள்தான் துணிந்து கேட்டாள்:

“என்ன வடிவு, தூரமா?”

“அதெல்லாம் நின்னு மூணு வருஷமாச்சு மைனி.”

தூரம் என்ற சொல்லுக்குப் பெண்கள் பேச்சில் மாதவிலக்கு என்றும் பொருள் உண்டு என்பதைத் தெரியாத ஆண் வாசகர்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உலகம்மாள் சிரித்த சிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் கேட்டது. சிரித்து முடித்தபிறகு வடிவு சொன்னாள்: ஒரு வருஷம். கடல் தாண்டி. இந்தப் பையோடு, நடந்தும் பஸ்ஸிலும், ஒரே நாட்டில், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரைக்கும். எந்த நாடு என்பதைத்தான் இன்னும் முடிவுசெய்யவில்லை.

அதனால், பெரு நாட்டு மலைகளைப் போனில் பார்த்து, இங்கே போனால் என்ன என்று அவள் மனசார ஒரு நிமிஷம் நினைத்தபோதுதான், பெருவில் அப்போது நள்ளிரவாக இருந்தபடியால், எங்கள் தெருவில் இருட்டியது.

கண்டுபிடித்தவளும் உலகம்மாள்தான். புளிக்குழம்புக் கிண்ணத்தை ஒரு கையிலும் டார்ச்சை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குள் போனாள். வடிவு கட்டிலில் உட்கார்ந்து, இது ரொம்ப உயரம், மூச்சுமுட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு விரலால் போனைத் தள்ளினாள், மொராக்கோ வந்தது, ஜன்னலில் இளங்காலை வெயில் அடித்தது, வேப்பமரத்தில் காக்கைகள் அலுத்துக்கொண்டு எழுந்தன. உலகம்மாள் டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்து, வாசலில் நின்றவர்களிடம் சொன்னாள்: “அவ நெனைக்கிற ஊருல இப்ப என்ன நேரமோ, அதான் இங்கயும். வேற ஒண்ணுமில்ல. போய்ச் சோலியப் பாருங்க.”

போய்ப் பார்த்தோம்.

மொராக்கோவின் நாட்களில் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போய், பதினொரு மணிக்கு மேல் தெரு விடிய, வெயில் உச்சிக்கு வருமுன்பே வீடு திரும்பினார்கள். ஜப்பானின் நாட்களில் மாலைக் காப்பிக்கு முன்பாகவே பொழுது சாய்ந்தது. மல்லிகை மொட்டுகள் அதை நம்பி அகாலத்தில் மலர்ந்துவிட, பூக்காரி கூடையோடு வந்து, இப்படி வாசமுள்ள பூ பஜாரிலேயே கிடையாது என்று எங்கள் தெருவையே குத்தகைக்கு எடுத்தவள்போல உட்கார்ந்துகொண்டாள். பக்கத்துத் தெருக்காரர்கள் வெயில் தாங்காத மதியங்களில் பாயும் தலையணையுமாக எங்கள் இருட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித் தங்கள் பகலுக்குத் திரும்பிப் போனார்கள். போகும்போது ‘ஒங்க தெருவுல கொசு ஜாஸ்தி’ என்று சொல்லவும் தவறவில்லை. நேபாளத்தை நினைத்த அன்று தெரு கால் மணி நேரம் மட்டும் நகர்ந்தது. வேறு யாருக்கும் அது உறைக்கவில்லை. உலகம்மாளின் கணவர் ஆவுடையப்பன் மட்டும் உறைத்தது என்றார், ஏனென்றால் அவர் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளர், கால் மணி நேரம் பிசகினால் அவர் கை தானாகச் சட்டைப்பை விசிலைத் தேடும்.

ஆனி மாதம் நார்வேயின் வடகோடியை அவள் நினைத்தாள். அங்கே கோடையில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை என்பது பூகோளம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கு அந்த வாரம் தெரிந்தது. தெரு முழுக்க மொட்டை மாடிகளில் கூழ்வற்றலும் மிளகாயும் மாங்காயும் காய்ந்தன, காய்ந்து முடிந்தபிறகும் காய்ந்தன, பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள், சேவல் எப்போது கூவுவது என்று தெரியாமல் கூவுவதையே விட்டுவிட்டது. பிள்ளையார் கோயில் கைலாசப் பட்டர், சாயரட்சை பூசையை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டும், விளக்கு வைக்கும் நேரம் வராதபோது செய்யக் கூடாது என்று உறுதியாக நின்றதால், பிள்ளையார் ஒரு வாரம் உச்சிக்கால அலங்காரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பு, ஒரே நாளில் அவள் மூன்று நாடுகளை மாற்றி மாற்றி நினைத்ததால் இரண்டு முறை விடிந்த நாட்களும் உண்டு; விடிந்ததும் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிப்பது கை பழக்கம் என்பதால் சிலர் இரண்டு தாளாகக் கிழித்து, எங்களுக்கு முன்னாலேயே ஆடிக்குப் போய், அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

இதெல்லாம் சொல்லும்போது வேடிக்கையாக இருக்கும். வாழும்போது அலுப்பாக இருந்தது. விமானத்தில் கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்களுக்கு உடம்பு ஓர் ஊரிலும் நேரம் இன்னோர் ஊரிலுமாக ஒரு கிறக்கம் வரும் என்பார்கள். அவர்களுக்காவது போய் இறங்கினால் பார்க்க ஓர் ஊர் இருக்கும். எங்களுக்கு எங்கும் போகாமலே அந்தக் கிறக்கம் வந்தது. பல் தேய்க்கும்போது பசித்தது, இலை போட்டால் கொட்டாவி வந்தது, படுத்தால் கண் திறந்துகொண்டது. தோசை மாவு எந்த வெயிலை நம்பிப் புளிப்பது என்று தெரியாமல் ஒன்றும் புளிக்காமலோ ஒரேயடியாகப் புளித்தோ போயிற்று. கணவன் மனைவி சண்டைகள்கூடப் பாதியில் நின்றன, அடுத்த வாக்கியத்துக்குத் தெம்பில்லாமல். முக்குக்கடை தங்கப்பழம் அண்ணாச்சி, சீனி கேட்டவருக்கு உப்பை மடித்துக் கொடுத்தார், வாங்கினவரும் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கண்டுபிடித்தார்.

எல்லோரையும்விட அலுத்துப்போயிருந்தவள் வடிவுதான். நாடுகளைப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஒன்றில் குளிர் அதிகம், ஒன்றில் பேச்சு புரியாது, ஒன்றில் விசா கிடைக்காது, எல்லாம் சரியாக இருக்கும் ஒன்றில் எல்லாம் சரியாக இருப்பதே யோசனையாக இருந்தது. காலமெல்லாம் மற்றவர்கள் கேட்ட ஊரைப் பிடித்துக் கொடுத்தவளுக்கு, தனக்கு ஓர் ஊரைக் கேட்கத் தெரியவில்லை. கன்னத்தில் கைவைத்து அவள் உட்கார்ந்திருந்த அந்தக் கோடையில், எங்கள் வீட்டுச் சுவர்களில் உலகத்தின் வெயில்கள் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தன. எங்களால் அவளுக்கு உதவவும் முடியவில்லை. உதவ வேண்டும் என்றால் எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டும், அதைத்தான் கேட்கக் கூடாது.

அண்ணாச்சி ஒருநாள் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “தூரமாவே இருக்கட்டும் தாயி. ஆனா ஒண்ணா இருக்கட்டும்.”

“லைன்ல இருங்க அண்ணாச்சி” என்றாள் அவள்.

“மூணு மாசமா லைன்லதான நிக்கோம்.”

ஆவணியில் பொறுமை தீர்ந்தது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன ஆவுடையப்பன், கனவில் மணி அடித்ததைக் கேட்டு, தூத்துக்குடி பஸ்ஸை நேரத்துக்கு முன்பாக, டிரைவரும் கண்டக்டரும் மட்டும் இருக்க, அனுப்பிவைத்துவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. என் தங்கை அந்தச் சமயத்தில் கனடாவை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவர் பதில் எழுத முடியுமா? அன்றைக்கே அண்ணாச்சியின் போனில் உலகக் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நாடு நாடாகப் பார்த்து, கடல் தாண்டி இருக்க வேண்டும், ஆனால் நமக்கும் அதற்கும் ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது என்று தேடியதில், இலங்கை கிடைத்தது. இத்தனை பக்கத்தில் இருந்தது இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து தெருவே இலங்கையின் புகழைப் பாடியது. வடிவு காதுபட ஒருத்தி அங்கத்துத் தேயிலையின் நிறத்தைச் சொன்னாள். ஒருவர் கண்டியின் குளிரைச் சொன்னார். பட்டர் அங்கே பிள்ளையாருக்கு எத்தனை கோயில்கள் என்று சொன்னார். தமிழிலேயே பஸ்ஸை விசாரிக்கலாம் என்றார் அண்ணாச்சி. எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை, கவனிக்கவும். பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். வடிவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், வானம் மட்டும் கனடாவிலேயே நின்றது. கடைசியில் ஆவுடையப்பன் மெமோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

“ஏட்டி, ஒருத்தி ஊர் சுத்தணும்னா ஒரு தெருவே கெறங்கிக் கெடக்கணுமா?”

அவள் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

“கடல் தாண்டணும். தாண்டு. யாரு வேண்டாம்னா? அந்தா இருக்கு, ஒரு தாவு தாவுனா நாடு. அங்க நீ எந்திரிக்கும்போது நாங்களும் எந்திரிப்போம், நீ உறங்கும்போது நாங்களும் உறங்குவோம். எல்லாரும் மனுசங்கதானட்டி. எங்களுக்கும் உறக்கம் வேணும்லா?”

உறக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள் என்று கூடப் போயிருந்த உலகம்மாள் பின்னால் சொன்னாள். பிறகு, “சரிண்ணே” என்றாள். வானம் ஒருமுறை குலுங்கி, சூரியன் பிள்ளையார் கோயில் கோபுரத்துக்கு மேலே, ஆவணி மாதம் காலை பத்து மணிக்கு அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வந்து நின்றது.

தெரு தூங்கியது. எத்தனையோ நாளைய பாக்கியையும் சேர்த்துத் தூங்கியது. இட்லி மலர்ந்தது, சேவல் கூவியது, முன்பே ஆடிக்குப் போய்க் காத்திருந்தவர்களோடு நாங்கள் ஆவணியில் சேர்ந்துகொண்டோம். இலங்கை அழகான நாடு, அதில் எனக்கு மறுப்பில்லை; நாங்கள் சொன்ன தேயிலையும் குளிரும் கோயில்களும் உண்மைதான். ஆனால் நாட்கள் போயின, வடிவு டிக்கெட் எடுக்கவில்லை. யாரும் விசாரிக்கவும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுகிறவர்களுக்கு அடுத்தவர் பயணத்தில் அவ்வளவு அக்கறை இருப்பதில்லை.

ஒருநாள் காலையில் உலகம்மாள் குழம்புக்கு நாலு வெங்காயம் குறைகிறது என்று நாத்தனார் வீட்டு அடுக்களைக்குப் போனாள். உத்திரத்து ஆணியில் அந்தச் செங்கல் நிறப் பை தொங்கியது. அதன் வலைப்பைகளிலும் பெரிய வயிற்றிலும் சின்ன வெங்காயம் நிறைந்திருந்தது.

“நல்ல பை மைனி” என்றாள் வடிவு. “காத்துப் போவுது பாருங்க. ஒண்ணுகூட அழுகல.”

உலகம்மாள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாகத் தூங்கியதில் ஒரு கெடுதல் உண்டு, தலை தெளிந்துவிடும். தெளிந்த தலையோடு பார்த்தபோது அவளுக்கு நாத்தனாரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு தெரிந்தது. தெரு முழுக்க உறங்கிய இந்த நாட்களில் ஒருத்தி மட்டும் உறங்கவில்லை என்பது தெரிந்தது. உலகம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பையைக் கழற்றி, கவிழ்த்து, வெங்காயத்தை அடுக்களைத் தரையெல்லாம் கொட்டினாள். உருண்டு போனவை வாசல்வரைக்கும் வந்தன. அதைப் பார்த்துத்தான் நாங்கள் கூடினோம். கூடியவர்கள் காதில் விழும்படி, எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் கேட்டிராத அந்தக் கேள்வியை அவள் கேட்டாள்:

“ஏட்டி வடிவு. எங்கட்டி போவணும் ஒனக்கு?”

பட்டர் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொன்னார். ஆவுடையப்பன், “என்னளா வார்த்தை இது” என்று ஓர் அடி முன்னே வைத்தார்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் உலகம்மாள். “அம்பத்துமூணு வருசமா எங்கன்னு ஒருத்தரும் அவளக் கேக்கல. நல்லதுக்குத்தான் கேக்காம இருந்தோம். கேக்காம என்னத்த விளங்கிச்சு? நீ சொல்லு வடிவு.”

“லைன்ல இருங்க மைனி” என்றாள் வடிவு.

இருந்தோம். இதற்கு முன்னால் எத்தனையோ முறை அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள், நாங்கள் நகர்ந்து போயிருக்கிறோம். அன்றைக்குத்தான் நின்றோம். வெங்காயத் தோல் காற்றில் பறந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ நம்பரைச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“அம்மா நடுச்சாமத்துக்கு மேலதான் கூப்பிடுவா. தெனமும். ‘வடிவு, திருப்பிப் போடு’ம்பா. திருப்பிப் போட்டு, தொடச்சு, பவுடர் போட்டு, அப்பறம் எனக்கு உறக்கம் வராது. ஜன்னல்கிட்ட உக்காந்து, இப்ப எந்த ஊருல விடிஞ்சிருக்கும்னு யோசிப்பேன். ஆபீஸ்ல பழகுன பழக்கம்லா. இந்நேரம் எங்கயோ ஒரு பொம்பள நல்லா உறங்கி முழிச்சு, கதவத் தொறந்து, வெளிய நடந்து போயிட்டு இருப்பான்னு நெனைப்பேன். அம்மா போயிட்டா. எனக்கு இன்னும் அந்நேரம் முழிப்பு வருது மைனி. இனிமே அது மாறாது. அதான், எனக்கு முழிப்பு வார நேரம் எங்க விடியுதோ, அங்க போயிரலாம்னு.”

“அதுக்குத்தான் இத்தன நாடு பாத்தியா?”

“அதுக்குன்னு எனக்கே தெரியல. நீங்க கேக்கவும்தான் தெரியுது.”

உலகம்மாள் வெங்காயத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். “அத்தை கூப்பிடுதது எனக்கும் கேக்கும்ட்டி” என்றாள். “ஒரே சுவருதான. தெனமும் கேக்கும். நீ எந்திரிச்சிருவன்னு திரும்பிப் படுத்துக்குவேன்.”

வடிவு மைனியின் முந்தானையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை எடுத்துப் போட்டாள். பிறகு குனிந்து அவள் காதில் ஒரு பெயரைச் சொன்னாள். கிழக்கே, கடலுக்கெல்லாம் கிழக்கே, ஒரு தீவு. பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கே என்று கேட்காமல் இருப்பது வாசகருக்கும் நல்லது. உலகம்மாளால் அந்தப் பெயரைச் சொல்லவும் முடியவில்லை. “ஏதோ தீவாம். நமக்குச் சாமத்துல அங்க விடிஞ்சிருமாம்” என்று எங்களிடம் சொன்னாள். அவள் சொல்லி முடிக்குமுன் தெருவில் வெயில் மஞ்சளாகி, சாய்ந்து, பகல் பன்னிரண்டுக்கு நன்றாக இருட்டிவிட்டது. காக்கைகள் கத்தக்கூட இல்லை. ஆவுடையப்பன் நெடுமூச்சு விட்டுவிட்டு, பாயை எடுத்து விரித்தார்.

அதன்பிறகு அவள் கிளம்பும்வரை வானம் மாறவில்லை. நடுச்சாமத்தில் விடிந்து நண்பகலில் இருட்டியது, ஒருநாளும் பிசகாமல். அலைச்சல் இல்லாததால் அதற்குப் பழகிவிடலாம் என்றுகூட இருந்தது, யாரும் பழகவில்லை, ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே அவளுக்கு விசா வாங்க அலைந்தோம். கொட்டாவி விட்டுக்கொண்டே பருப்புப்பொடி இடித்தோம். வழக்கமாக எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் பெட்டியில் முக்கால் பங்கு ஊரார் ஊறுகாயாக இருக்கும். மகனுக்கு ஒரு பாட்டில், சம்பந்திக்கு ஒரு பாட்டில், சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்கு ஒன்று. அந்தத் தீவில் எங்கள் தெருவுக்கு ஒருவரும் சொந்தமில்லை. அதனால் வாய்க்கால் தெருவின் வரலாற்றிலேயே முதன்முறையாக, தன் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆள் கடல் தாண்டினாள்.

நல்ல நேரம் பார்ப்பதில்தான் சிக்கல். ரயிலுக்கு வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும், காலண்டர்ப்படி அப்போது ராகு காலம். பட்டர் விரல்விட்டு எண்ணி யோசித்தார். “ராகு காலம் சூரியன் உதிச்சதுலேர்ந்து எண்ணுறது. நம்ம தெருவுல சாமத்துலயே உதிச்சு, இப்ப அஸ்தமிச்சும் போச்சு. இருட்டுல ராகுவுக்கு இங்க என்ன சோலி? தாராளமா கெளம்பலாம்” என்றார். இரவுக்கும் தனியாக ராகு காலம் கணிக்கிற சாஸ்திரம் உண்டு என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் படியிறங்கியபோது தெரு முழுக்க வாசல் விளக்குகள் எரிந்தன. பை முதுகில் இருந்தது. வெங்காய வாசம் இன்னும் போகவில்லை, எந்தத் தீவிலும் அது போகாது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று முறைப்படி கேட்டார், “தூரமா?” அவளும் ஒவ்வொருவருக்கும் நின்று, “தூரந்தான், போயிட்டு வாரேன்” என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆவுடையப்பன் மட்டும் கேட்கவில்லை. ஆட்டோவில் பையை ஏற்றிவிட்டு, பஸ் நிலையத்தில் ஊதுகிற விசிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, சரியான நேரத்துக்கு ஒருமுறை ஊதினார்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டியதும் புரட்டாசி வெயில் சுள்ளென்று எங்கள் தெருவில் வந்து விழுந்தது. பாயைச் சுருட்ட ஒருவருக்கும் தெம்பில்லை. முந்தானையையும் துண்டையும் முகத்தில் போட்டுக்கொண்டு, விளக்குகளைக்கூட அணைக்காமல் படுத்துவிட்டோம்.

இப்போதெல்லாம் விடிய வேண்டிய நேரத்தில்தான் விடிகிறது. மல்லிகை மாலையில் பூக்கிறது, பூக்காரி பஜாருக்கே திரும்பிப் போய்விட்டாள். ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. நடுச்சாமத்துக்கு மேலே ஒரு நேரத்தில், யாரும் கூப்பிடாமல், தெரு முழுக்க ஒருமுறை விழிப்புத் தட்டும். இருட்டில் முதலில் உலகம்மாள் வீட்டில் பாய் சரசரக்கும். “எந்திரிச்சிருப்பா” என்று அவள் சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்கும். “கதவத் தொறந்து நடக்க ஆரம்பிச்சிருப்பா” என்று ஆவுடையப்பன் சொல்வார். சரி என்று நாங்கள் எல்லோரும் திரும்பிப் படுத்துக்கொள்வோம்.